உட்காரச் சொல்லும்வரை

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவருடைய கண் அறுவை சிகிச்சை எப்போது? எழுதுகிறேன் என்றாய், எழுதவில்லை.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. பல்கலைக்கழகத்தில் புவியியல் பட்டப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதினெட்டு வயதில் நான் கேட்டுக் கிடைக்காத அதே படிப்பு, அதே கட்டடம். வயது வரம்பை எடுத்துவிட்டார்கள் என்று செய்தித்தாளில் பார்த்தேன். பள்ளி மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நேர்காணலுக்கு அழைப்பார்களாம். என் மதிப்பெண் இன்றைக்கும் வெட்கப்படும்படி இல்லை.

உன் அத்தானுக்கு அணையிலும் மதகிலும் வேலை. அதனால் வாழ்நாள் முழுக்க ஆற்றங்கரை ஊர்களிலேயே குடியிருந்தோம். அவர் வேலைக்குப் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்தேனே தவிர ஒன்றும் படிக்கவில்லை. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் தூசி சேர்க்க ஆள் இல்லை. துடைத்ததையே எத்தனை முறை துடைப்பது?

நீ கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அந்தத் துறையில் கால் வைத்தால் உன் மாணவர் மேல்தான் இடிக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. பாடக் குறிப்பு, புத்தகம் எதுவும் அனுப்பாதே. கிடைத்தால் எனக்காகக் கிடைக்கட்டும். இல்லையென்றால் எனக்காகவே கிடைக்காமல் போகட்டும்.

குளிர் நாளில் வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்காதே.

உன் அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

குட்டியின் வணக்கம். இருவரும் சுகமே. இவருக்கு அடுத்த மாதம் கண்ணில் கத்தி வைக்கிறார்கள். அதற்குள் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

சிரிக்கக் கூடாது என்று எழுதினால் சிரிப்பு வராமல் இருக்குமா? உன் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். “உங்க அக்கா பரீட்சை எழுதப் போறாங்களா, பரீட்சை வைக்கப் போறாங்களா?” என்று கேட்கிறார். ஆனால் சிரித்து முடித்த பிறகு சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். உனக்கு இந்த ஆசை இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது அக்கா.

கான்வென்ட் நாட்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த நீண்ட தாழ்வாரம், பினாயில் வாசனை, பல் சந்து வழியாக விசில் அடித்துப் பிள்ளைகளைக் கூப்பிடும் விசில் சிஸ்டர். ஒரு நாள் அவர் உங்கள் வகுப்பை உட்காரச் சொல்ல மறந்துவிட்டு அலுவலகத்துக்குப் போய்விட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? வகுப்பு முழுக்க உட்கார்ந்துவிட்டது. நீ ஒருத்தி மட்டும் நின்றாய். திரும்பி வந்தவர், “நீ ஏம்மா நிக்கிற?” என்று கேட்டார். “நீங்க இன்னும் உட்காரச் சொல்லலியே சிஸ்டர்” என்றாயாம். ஒரு வருடம் முழுக்க என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் “நிக்கிறவளோட தங்கச்சி” என்றே கூப்பிட்டார்கள்.

முழங்கால் எப்படி இருக்கிறது? போன தடவை நான் வந்தபோது மாடிப்படியில் பாதியில் நின்றாய். கேட்டதற்குக் காட்சி பார்ப்பதாகச் சொன்னாய். அந்தச் சுவரில் பார்க்க என்ன காட்சி இருக்கிறது?

தேர்வுக் குழுவில் இந்த வருடம் அட்லஸ் இருக்கிறாள். என்னிடம் படித்தவள், எந்நேரமும் அட்லஸைக் கட்டிக்கொண்டு திரிந்ததால் அந்தப் பெயர். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

உன் அன்புத் தங்கை

*

பிப்ரவரி 11

அன்புள்ள குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். முழங்காலும் நலம். அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

‘சும்மா தகவலுக்கு’ என்று நீ சின்ன வயதில் சொன்னதெல்லாம் எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அந்த அட்லஸிடம் நீ பேசக் கூடாது. இரண்டாவது முறை சொல்கிறேன். மூன்றாவது முறை சொல்லும் வழக்கம் எனக்கு இல்லை.

நேர்காணல் மார்ச் மாதம். கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்தேன். “வீட்ல விசேஷமாம்மா?” என்றார். “நேர்காணல்” என்றேன். “பேரனுக்கா?” “எனக்கு.” அளவு நாடா கையிலேயே நின்றுவிட்டது. “அப்ப கொஞ்சம் தளர்வாவே தைக்கிறேம்மா. பதட்டத்துல மூச்சு வாங்கும்” என்றார். எனக்குப் பதட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனாலும் தளர்வாகத்தான் தைத்திருக்கிறார்.

கான்வென்டைப் பற்றி எழுதினாய். எனக்கு அந்தப் பழைய நேர்காணல்தான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, குடையைக் கையில் கொடுத்துவிட்டு, அப்பா தேநீர் குடிக்கப் போனார். உள்ளே மூன்று பேர். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஒன்று கூடத் தவறு இல்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்தேன். அப்படியும் என் பெயர் வரவில்லை. அப்பா, “விடும்மா, சிபாரிசு இருந்தவங்களுக்குக் குடுத்திருப்பாங்க” என்றார். நான் அதை நம்பவில்லை. என்னிடம் ஏதோ குறை இருந்திருக்க வேண்டும். அது என்ன என்று இன்றுவரை தெரியாது. கல்யாணமான புதிதில் உன் அத்தானிடம் கூடக் கேட்டிருக்கிறேன். “என்னைக் கேட்டா? நான் பாஸ் பண்ணிட்டேன், உன்னைக் கட்டிக்கிட்டேனே” என்பார்.

நீ அன்று வெளியில் இருந்தாய். ஏதாவது காதில் விழுந்ததா? சின்னப் பெண், மறந்திருப்பாய்.

உன் வீட்டுக்காரருக்கு நல்லபடியாக முடியட்டும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இவருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஒரு வாரம் குனியக் கூடாது என்று மருத்துவர் சொன்னாலும் சொன்னார், கீழே விழுந்த கைக்குட்டையைக் கூட நான்தான் எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் புதுமண் போட்டோம். மழை இன்னும் இல்லை.

நீ கேட்டது எல்லாம் ரொம்ப நாள் முந்திய கதை அக்கா. எனக்கு எதுவும் சரியாக ஞாபகம் இல்லை.

நேர்காணலுக்குத் தட்டையான செருப்பைப் போட்டுக்கொண்டு போ. இவர் கூப்பிடுகிறார். பிறகு எழுதுகிறேன்.

உன் அன்புத் தங்கை

*

மார்ச் 18

அன்புள்ள குட்டிக்கு,

உன் வீட்டுக்காரர் குணமடைந்தது பற்றி மகிழ்ச்சி. நான் நலமாக இல்லை. உடம்பைச் சொல்லவில்லை.

நேற்று நேர்காணல். அதே தாழ்வாரம்தான். தரை மட்டும் பளபளவென்று புதிதாகப் போட்டிருக்கிறார்கள். நீ உட்கார்ந்திருந்த பெஞ்சு இல்லை, வரிசையாக இரும்பு நாற்காலிகள். எனக்கு முன்னால் போன பெண் முகம் சிவந்து வெளியே வந்தாள். “மழை மறைவுப் பகுதிய வச்சே என்னை வறுத்து எடுத்துட்டாங்க ஆன்ட்டி” என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மழை மறைவுப் பகுதியை நான் நன்றாகப் படித்திருந்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தேன். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி மேஜையைச் சுற்றி ஓடி வந்து, “உட்காருங்கம்மா, முதல்ல உட்காருங்க” என்று நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். அவள்தான் உன் அட்லஸ் என்று பார்த்ததுமே தெரிந்தது. பிறகு தேநீர் வந்தது. பிஸ்கட் வந்தது.

“தனியாவா வந்தீங்க?” என்றார் ஒருவர். “பிள்ளைங்க என்ன பண்றாங்க?” என்றார் இன்னொருவர். நான் பதில் சொல்லிவிட்டு, “கேள்வி கேட்கலாம்” என்றேன். “உங்ககிட்ட நாங்க என்னம்மா கேக்கறது! இந்த வயசுல இவ்ளோ ஆர்வமா வந்திருக்கீங்களே, எங்களுக்கே பெருமையா இருக்கு” என்றாள் அட்லஸ். ஒருவர் கைப்பேசியில் என்னைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். மிருகக்காட்சிசாலைக்கு வந்த ஒட்டகச்சிவிங்கி மாதிரி உட்கார்ந்திருந்தேன். நான் படித்துக்கொண்டு போன அத்தனையும் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. அதன் மேல் பிஸ்கட் வேறு.

ஒரே ஒரு கேள்வி உன்னிடம். அட்லஸிடம் பேசினாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. தோட்டத்தைப் பற்றி எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 5

குட்டிக்கு,

நலம். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. நல்ல இடத்திலேயே இருக்கிறது. கீழ்வீட்டுத் தையல்காரர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எல்லாரும் வந்து கை குலுக்குகிறார்கள். பிச்சை எடுத்த பாத்திரத்தைக் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது எனக்கு.

உன் பதில் வரவில்லை. பதில் வராததே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன். துறைத் தலைவரைப் பார்த்து இந்த இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலம் விசாரிக்க எனக்கு இன்றைக்குத் தகுதி இல்லை. ஆனாலும் உன் உடம்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறேன்.

ஆம். பேசினேன். ஆனால் இடம் கொடு என்றோ, சுலபமாகக் கேள் என்றோ கேட்கவில்லை. உன் மேல் ஆணை. நான் சொன்னது ஒன்றே ஒன்று. “எங்க அக்கா உள்ள வந்ததும் உட்காரச் சொல்லிடு.” அட்லஸ் சிரித்தாள். “மேடம், அதக் கூடவா சொல்லணும்?” என்றாள். “சொல்லணும். யாரும் சொல்லலைன்னா அவங்க நிப்பாங்க. முட்டி தாங்காது” என்றேன். அவ்வளவுதான் என் பேச்சு. தேநீர், பிஸ்கட், பெருமை எல்லாம் அவர்களுடைய சொந்தச் சரக்கு.

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்கு எதுவும் மறக்கவில்லை அக்கா.

அன்றைக்குப் பெஞ்சுக்கு எதிரே ஜன்னல் பாதி திறந்திருந்தது. உன் முதுகு தெரிந்தது. உன் பக்கத்திலேயே காலி நாற்காலி. நீ உட்காரவில்லை. அவர்கள் உட்காரச் சொல்ல மறந்திருக்க வேண்டும், அல்லது நீயாகவே உட்காருவாய் என்று நினைத்திருக்க வேண்டும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கான்வென்டில் நிற்கிற மாதிரி, நின்றுகொண்டே பதில் சொன்னாய். குரல் கணீரென்று வெளியே கேட்டது. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நேர்காணல் முடிந்து நீ கை கழுவப் போனபோது அவர்களில் இரண்டு பேர் வெளியே வந்து சிகரெட் பற்றவைத்தார்கள். வழுக்கைத் தலைக்காரர் சொன்னார்: “பதில் எல்லாம் சரியாத்தான் சொல்லுது. ஆனா திமிரைப் பாத்தீங்களா? நாற்காலி பக்கத்துலயே கிடக்கு, உட்காருதா பாருங்க. நம்ம முன்னாடி உட்கார்றது கௌரவக் குறைச்சல் போல.” மற்றவர், “இப்பவே இப்படின்னா மூணு வருஷம் யாரு மேய்க்கிறது? அடுத்த பொண்ணப் போடுங்க” என்றார்.

எனக்குப் பதினான்கு வயது. எழுந்து போய், ‘இல்ல சார், சொன்னாத்தான் உட்காரணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர்கள் கேட்காமல் பேசக் கூடாது என்றும் அதே இடத்தில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாலு வருடம் கழித்து என் முறை வந்தது. அதே அறை, அதே வழுக்கைத் தலை. உள்ளே போனதும், யாரும் வாயைத் திறப்பதற்கு முன், நாற்காலியை நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “நல்ல சுறுசுறுப்பான பொண்ணு” என்றார். இடம் கிடைத்தது. உனக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது. என் படிப்பு, வேலை, இந்த வீடு எல்லாம் நீ உட்காராத நாற்காலியில் நான் உட்கார்ந்து வாங்கியது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அதனால்தான் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

இடத்தை விட்டுவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். தபாலில் ஏதும் தொலைந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். உனக்கு நான் எழுதியது எதுவும் இதுவரை தொலைந்ததில்லை.

தையல்காரர் வீட்டுக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டேன். நன்றாக இருக்கிறாய், காலையில் நூலகத்துக்குப் போகிறாய் என்றார். “அம்மா படியில நின்னு நின்னு ஏறுறாங்க. என்னம்மான்னா, காட்சி பாக்குறேன்றாங்க” என்றும் சொன்னார். சிரித்துவிட்டு, போனை வைத்ததும் அழுதேன். திட்டியாவது எழுது.

உன் தங்கை

*

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

நான் நலம். நீ அழுவதை நிறுத்திவிட்டு நேரத்துக்குச் சாப்பிடு.

உடனே எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் நல்லதாக எழுதியிருக்க மாட்டேன். முதலில் உன் மேல் கோபம். பிறகு அந்த வழுக்கைத் தலைக்காரர் மேல். உயிரோடு இருக்கிறாரா என்று கூட விசாரித்தேன். இல்லையாம். பிறகு விசில் சிஸ்டர் மேல் வந்தது, அவரும் இல்லை. கோபப்பட ஆளே மிச்சமில்லாமல் போயிற்று.

அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அன்று மாலையே நீ என்னிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருடம் போயிருப்பேன். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்திருப்பேன். திமிர் என்று அவர் சொன்னதில் முழுப் பொய் இல்லை, குட்டி. சொன்னால்தான் உட்காருவது என்பது கான்வென்ட் சொல்லிக் கொடுத்தது. சொல்லட்டுமே என்று நிற்பது என் சொந்தச் சரக்கு. உன் அத்தானைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நீ உட்கார்ந்ததில் தப்பில்லை. நாற்காலி உட்காரத்தான் இருக்கிறது. இதை இன்னொரு முறை எழுத வைக்காதே.

துறைத் தலைவரைப் பார்த்து, கேள்வி கேட்காமல் கொடுத்த இடம் வேண்டாம், மறுபடி கேள்வி கேளுங்கள் என்றேன். “மறுபடி நேர்காணல் வைக்க விதி இல்லம்மா. வேணும்னா இந்த இடத்த விட்டுட்டு, ரெண்டாவது சுத்துக்குப் புதுசா வாங்க. குழு வேற. கிடைக்கும்னு சொல்ல முடியாது” என்றார். “கிடைக்கும் என்று சொன்னால் நான் வர மாட்டேன்” என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே விலகல் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். இருக்கலாம்.

ஜூன் கடைசியில் இரண்டாம் சுற்று. இந்தக் குழுவில் உனக்கு யாரையும் தெரியாது என்று விசாரித்து வைத்துக்கொண்டேன்.

உன் அக்கா

*

ஜூலை 9

அன்புள்ள குட்டிக்கு,

சுகம். உன் வீட்டுக்காரர் இப்போது கைக்குட்டையைத் தானே எடுக்கிறாரா?

இந்த முறை இரண்டே பேர். ஒருவர் இளைஞர், கடுகடுவென்று முகம். சிரிக்கவே இல்லை. அவரை எனக்கு உடனே பிடித்துப் போயிற்று. உட்காரச் சொல்லவில்லை, காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழக்கம் போகுமா? நின்றேன். முழங்கால் முனகியது. “நான் உட்காரலாமா?” என்று கேட்டேன். “ம், உட்காருங்க” என்றார், தலையைத் தூக்காமலே. இத்தனை வருடத்தில் நான் கேட்டிருக்கலாம் என்று எனக்கோ உனக்கோ தோன்றவில்லை, பார்.

பகல் ஏன் நீள்கிறது, ஏன் குறைகிறது என்று கேட்டார். சொன்னேன். ஒரு வரைபடத்தை நகர்த்தி, இந்தக் கோடுகள் நெருங்கி இருந்தால் என்ன என்றார். செங்குத்தான சரிவு என்றேன். மூன்றாவதாக, “ஆறு கடல்ல கலக்கிற எல்லா இடத்துலயும் டெல்டா உண்டாகறதில்ல. ஏன்?” என்றார்.

டெல்டா இல்லாத ஒரு ஆற்று முகத்துவாரத்தில் நான் நாலு வருடம் குடியிருந்திருக்கிறேன், குட்டி. வீட்டுக்கு மூன்று பக்கம் தண்ணீர். தினமும் பார்த்தேன். ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொள்ளவில்லை. “ஆறு சின்னதா இருந்தா...” என்று இழுத்தேன். “பெரிய ஆத்துக்கும் இல்லாம இருக்கே” என்றார். மடக்கிவிட்டார். “எனக்குத் தெரியவில்லை” என்றேன். சொன்ன பிறகும் கூரை இடிந்து விழவில்லை. அதற்கப்புறமும் விடாமல் வறுத்தார். வெளியே வந்தபோது என் முகமும் சிவந்துதான் இருந்திருக்கும்.

இன்று காலை பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இல்லை.

நேரே அந்த இளைஞருடைய அறைக்குப் போய், “ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். “மூணாவது கேள்விம்மா. உங்க அதே மார்க்குல இருந்த இன்னொருத்தர் அதுக்குச் சரியாச் சொன்னார். நீங்க சொல்லல.” அவ்வளவுதான். வயதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பதினெட்டு வயதில் ஏன் கிடைக்கவில்லை என்று தெரிய ஆயுளில் பெரும்பகுதி போயிற்று. இந்த முறை மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

அடுத்த ஜனவரியில் மறுபடி விண்ணப்பம் போடுவேன். ஆற்று முகத்துவாரங்களைப் பற்றி உன்னிடம் நல்ல புத்தகம் இருக்கும். தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. பத்து நாளாவது இருக்கிற மாதிரி வா. எனக்குப் புரியாத இடங்கள் நிறைய இருக்கும். டெல்டாவிலிருந்து தொடங்கலாம்.

உன் அக்கா